இல்லாத பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை

தஞ்சாவூர் கீழவாசலில், ஒரு விதைநெல் கடையின் மாடியில் இருந்தது காயாரோகணத்தின் துப்பறியும் ஆபீஸ். அங்கே படியேறி வருகிறவர்கள் எதையாவது தொலைத்துவிட்டுத்தான் வருவார்கள்: நகை, மாடு, மருமகன். 1972ஆம் வருஷம் புரட்டாசி மாதத்தில் வந்த பிரகதாம்பாள் எதையும் தொலைக்கவில்லை. அவளுக்குத் தெரியாமலே அவளிடம் ஒரு பள்ளிக்கூடம் இருப்பதாகச் சர்க்கார் கடிதம் போட்டிருந்தது. அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துத் தரவேண்டும் என்றாள்.

டைப் அடித்துக்கொண்டிருந்த ஷம்சாத்தின் விரல்கள் நின்றன. நாகூரிலிருந்து வந்து ஆறு வருஷமாகக் காயாரோகணத்துக்கு உதவியாளராக இருப்பவள் அவள். புருஷன் பினாங்கு போய்க் கடிதம் எழுதுவதை நிறுத்தியதும் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டவள்.

"மாட்டுக்குக் கொம்பு அடையாளம் கேட்போம். பள்ளிக்கூடத்துக்கு என்ன அடையாளம் கேக்குறது சார்?" என்றாள்.

காயாரோகணம் சிரிக்கவில்லை. ஐம்பது வயது மனிதர். கருப்புச் சட்டை, வெள்ளை வேட்டி. கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

பிரகதாம்பாள் தன் கதையைச் சொன்னாள். நாகப்பட்டினத்துக் கடற்கரையில் வலை இழுக்கும் குடும்பத்தில் பிறந்து, ஆசிரியர் பயிற்சி முடித்தவள். நீடாமங்கலத்துக்குக் கிழக்கே மருதங்கட்டளை என்ற ஊரில், நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்களின் பிள்ளைகளுக்கு மூன்று வருஷமாக ஒரு மாட்டுக்கொட்டகையில் பாடம் நடத்துகிறாள். பக்கத்துப் பள்ளிக்கூடம் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. கூலித் தகராறு வந்த வருஷத்திலிருந்து அந்தப் பக்கம் பிள்ளைகளை அனுப்ப யாருக்கும் தைரியமில்லை.

கொட்டகையைப் பள்ளிக்கூடமாக்க அவள் ஏறாத படி இல்லை. ஒரு சங்கமோ டிரஸ்டோ பதிவு செய்யுங்கள் என்றார்கள். சங்கத்துக்கு ஏழு பேரைச் சேர்த்தாள். சொந்த மனை காட்டுங்கள் என்றார்கள். மனை கேட்டுப் போன இடத்தில், அங்கீகாரம் இருந்தால் தருகிறோம் என்றார்கள். அங்கீகாரத்துக்குக் கட்டடம் வேண்டும். கட்டடத்துக்கு மானியம் வேண்டும். மானியத்துக்கு அங்கீகாரம் வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு எழுதினாள். பள்ளிக்கூடம் நடக்க ஆரம்பித்ததும் போட்டோ அனுப்பச் சொன்னார்கள். கடைசியில் சங்கத்தின் பேரில் ஒரு மனு போட்டாள். அதற்கு வந்த பதில்தான் இது. மருதங்கட்டளையில் அங்கீகாரம் பெற்ற தொடக்கப் பள்ளி ஏற்கெனவே நடக்கிறது. அதன் தலைமையாசிரியை தாங்களே. ஒருவரே இரண்டு பள்ளிகளுக்குத் தலைமை வகிக்க இயலாது.

"அந்த ஊர்ல நான் பாக்காத சந்து இல்லைங்க. பள்ளிக்கூடம்னு ஒரு கூரைகூட இல்லை" என்றாள் பிரகதாம்பாள்.

மறுநாள் காயாரோகணம் கல்வி அலுவலகத்தில் தனக்குத் தெரிந்த ஒருவரைப் பிடித்து, அந்தப் பள்ளி அனுப்பியிருந்த மாணவர் வருகைப் பட்டியலைப் பார்க்க வழி செய்தார். ஷம்சாத் அதைக் கையால் படியெடுத்தாள். நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். நடவு மாதத்தில்கூட ஒரு பிள்ளை லீவு போடவில்லை. வாய்க்கால் உடைத்துக்கொண்டு ஊரே வெள்ளத்தில் நின்ற நாளிலும் எல்லோரும் ஆஜர். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பிரகதாம்பாளின் கையெழுத்து இருந்தது. அவள் போடாத கையெழுத்து.

"இவ்வளவு ஒழுங்கான பிள்ளைங்க சொர்க்கத்துலதான் இருக்கும். முகவரி கிடைக்கிறது கஷ்டம்" என்றாள் ஷம்சாத்.

எழுதிக்கொண்டே போனவள் மூன்றாம் வகுப்பில் நின்றாள். மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் த/பெ என்று போட்டுத் தகப்பன் பெயர் எழுதியிருந்தது. ஏழாவது பெயரில் எழுதினவர் கை பழக்கதோஷத்தில் வழுக்கியிருந்தது. எல்லையம்மாள், க/பெ வீரையன்.

"சார், மூணாம் கிளாஸ் எல்லையம்மாளுக்குத் தகப்பனார் பேர் இல்லை. புருஷன் பேர் இருக்கு."

காயாரோகணம் தாளை வாங்கிப் பார்த்தார். அப்போதுதான் முதல் முறையாகச் சிரித்தார். பள்ளிக்கூடத்தைத் தேடவேண்டாம், இந்த மாணவியைத் தேடினால் போதும் என்றார்.

*

நீடாமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, பிரகதாம்பாளோடு வரப்பில் நடந்தார்கள். சம்பா நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. முப்பது நாற்பது பெண்கள் குனிந்தபடி வரிசையாகப் பின்வாங்கிக்கொண்டிருந்தார்கள். செருப்பைக் கையில் பிடித்து, சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு வந்த ஷம்சாத் வரிசையை எண்ணினாள். தன் கையிலிருந்த பட்டியலைப் பார்த்து முதல் பெயரை உரக்கக் கூப்பிட்டாள். வரிசையின் முதல் பெண் நிமிர்ந்தாள். இரண்டாவது பெயருக்கு இரண்டாவது பெண். மூன்றாம் வகுப்பு, நடவு வரிசை மாறாமல் நின்றிருந்தது.

ஏழாவதாக நிமிர்ந்தவள் எல்லையம்மாள். ஐம்பது வயதுக்குக் குறையாது. கையில் நாற்று முடி.

தான் மூன்றாம் வகுப்பில் இருப்பதைக் கேட்டு அவள் ஆச்சரியப்படவில்லை. கூலிப் பட்டியலில் இருக்கும் பேரைப் பண்ணைக் காரியஸ்தர் எங்கே வேண்டுமானாலும் எழுதிக்கொள்வார் என்றாள். பிறகு யோசித்து, வருஷத்துக்கு ஒரு நாள், பிரகதாம்பாள் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து, தங்கள் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, தலை சீவி, பண்ணைக் களத்துக்கு அனுப்பச் சொல்வார்கள் என்றும், ஜீப்பில் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனதும் பிள்ளைகளுக்குச் சுண்டல் கொடுப்பார்கள் என்றும் சொன்னாள். அன்றைக்கு டீச்சர் என்று யாரோ ஒரு புது அம்மாளை உட்காரவைப்பார்களாம்.

"எல்லாப் பிள்ளையும் ஒரு வருசப் படிப்பை ஒரு நாள்ல முடிச்சிடுது. எம் பேரன் ரெண்டு தடவை சுண்டல் வாங்கிட்டு வந்தான்" என்றாள்.

களத்தை ஒட்டி நீளமான ஒரு நெல் கிடங்கு இருந்தது. ஜன்னல் கம்பி வழியே ஷம்சாத் எட்டிப் பார்த்தாள். யூரியா மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு பெயர்ப்பலகை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. கரும்பலகை ஒன்றில் வைக்கோல் கட்டு சாய்ந்திருந்தது. பிரகதாம்பாளும் எட்டிப் பார்த்தாள். மூன்று வருஷமாகக் கரித்துண்டால் மண்சுவரில் எழுதிப் பாடம் நடத்துகிறவள் அவள். அந்தக் கரும்பலகையையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

அவர்களைத் தேடிக்கொண்டு காரியஸ்தர் நாகநாதன் வந்துவிட்டார். பண்ணைக்காரர் சிவசாமி காபி சாப்பிடக் கூப்பிடுகிறார் என்றார்.

*

கோபப்படுவார் என்று ஷம்சாத் எதிர்பார்த்தாள். சிவசாமி கோபப்படவில்லை. கூடத்தில் மூவரையும் நாற்காலியில் உட்காரவைத்து, காபிக்குச் சர்க்கரை போதுமா என்று விசாரித்தார். நில உச்சவரம்புச் சட்டம் நெருங்கி வந்த சமயத்தில், வக்கீல் யோசனைப்படி ஆறு வேலி நிலத்தை, அதாவது நாற்பது ஏக்கரை, ஒரு கல்வி டிரஸ்டுக்கு எழுதிவைத்து விலக்கு வாங்கியதை அவர் மறைக்கவும் இல்லை. டிரஸ்ட் என்றால் பள்ளிக்கூடம் வேண்டும், பள்ளிக்கூடம் என்றால் பயிற்சி பெற்ற ஆசிரியை வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் மனை கேட்டு வந்த பிரகதாம்பாள் தன் சான்றிதழ்களின் நகலை இதே கூடத்தில் விட்டுவிட்டுப் போயிருந்தாள். வேலை சுலபமாக முடிந்தது.

"இதை வெளியே சொல்லணும்னா தாராளமா சொல்லும்மா. பதிவேட்டுல எங்கேயும் என் கையெழுத்து இல்லை. உன்னுது இருக்கு. இல்லாத பிள்ளைங்களை மூணு வருஷமா ஆஜர் போட்டவ யாருன்னு போலீஸ் உன்னைத்தான் கேக்கும்" என்றார், காபியை ஆற்றிக்கொண்டே.

பிரகதாம்பாள் குடிக்காத காபியைக் கீழே வைத்தாள்.

சிவசாமி உடனே குரலைத் தணித்துக்கொண்டார். யாருக்கும் கெடுதல் செய்வது தன் பழக்கமில்லை என்றார். டைப் அடித்த ஒரு தாளை நாகநாதன் நீட்டினார். சொந்தக் காரணங்களால் எல்லாப் பொறுப்புகளிலிருந்தும் விலகிக்கொள்கிறேன் என்று நான்கு வரி. அதில் கையெழுத்துப் போட்டால் சிக்கல் தீர்ந்தது. அவள் சங்கத்தின் பேருக்கு ஐந்து செண்ட் மனையும் கீற்றும் மூங்கிலும் தருவதாகச் சொன்னார். மழைக்கு முன்னால் கூரை போட்டுவிடலாமாம்.

அவள் மனம் ஓடுவதை ஷம்சாத்தால் பார்க்க முடிந்தது. கொட்டகை போன மழையில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பிரகதாம்பாள் பேனாவைக் கேட்டாள்.

"இன்னைக்கு வேண்டாம். அஷ்டமி" என்றார் காயாரோகணம்.

ஷம்சாத்துக்குக் காபி புரையேறியது. ராகுகாலத்தில் கல்யாணம் செய்துகொண்ட மனிதர், எமகண்டத்தில் பிள்ளைக்குப் பெயர் வைத்தவர், அவர் வாயில் அஷ்டமி வருகிறது. ஆனால் சிவசாமி திரும்பிச் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். அஷ்டமிதான். அவர் முகத்தில் ஒரு பயம் வந்துபோனது. நாளைக்கு நவமி, அதுவும் ஆகாது, தசமியன்று காலையில் களத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அவரே சொன்னார்.

வெளியே வந்ததும் ஷம்சாத் கேட்டாள். "பகுத்தறிவை எங்கே சார் விட்டீங்க?"

"காலண்டரைப் பாத்துச் சொன்னேன், அது பகுத்தறிவுதானே. ரெண்டு நாள் கிடைச்சுது பாருங்க. மூணு வருஷமா ஒரு செண்ட் தராத ஆள் இன்னைக்கு அஞ்சு செண்டும் கீத்தும் தர்றார். போலீஸுன்னு மிரட்டினாலே இந்த அம்மா ஓடிப்போயிருப்பாங்க. மிரட்டின கையோட எதுக்கு ஒரு கையெழுத்து? தலைமையாசிரியை வேலைன்னா வேற ஒரு பேரை எழுதிட்டுப் போறார். இவங்க கையெழுத்து இல்லாம நகராத ஏதோ ஒண்ணு இருக்கு."

*

மறுநாள் நவமியன்று, சிவசாமி எந்த நல்ல காரியத்திலும் இறங்காமல் வீட்டில் இருந்த நேரத்தில், காயாரோகணமும் ஷம்சாத்தும் சார்பதிவாளர் ஆபீஸ் மரத்தடியில் காத்திருந்தார்கள். டிரஸ்ட் பத்திரத்தின் நகல் மூன்று மணிக்குக் கைக்கு வந்தது. காயாரோகணம் நின்றபடியே படித்தார். நாலாம் பக்கத்தை ஷம்சாத்திடம் நீட்டினார்.

சிவசாமியின் வக்கீல் கெட்டிக்காரர். சிவசாமியின் பெயரோ உறவுக்காரர் பெயரோ டிரஸ்டில் இருந்தால் இது பினாமி என்று அதிகாரிகள் முதல் பார்வையிலேயே சொல்லிவிடுவார்கள். அதனால் ஆறு வேலியையும் களத்தையும் கிடங்கையும் இனித் தனக்கோ வாரிசுகளுக்கோ எந்தப் பாத்தியமும் இல்லாமல், திரும்பப் பெற முடியாதபடி சிவசாமி கொடுத்திருந்தார். நிர்வகிக்க மூன்று அறங்காவலர்கள். நிர்வாக அறங்காவலர், தலைமையாசிரியை பிரகதாம்பாள். மற்ற இருவர் கூலிப் பட்டியலிலிருந்து கைக்கு வந்த பெயர்கள்: எல்லையம்மாள், ஏர் ஓட்டும் பக்கிரி. ஒருவர் இடம் காலியானால் பாக்கி இருவர் சேர்ந்து புது ஆளை நியமிக்கலாம். எல்லையம்மாளும் பக்கிரியும் காரியஸ்தர் நீட்டிய தாளில் கைநாட்டு வைக்கிறவர்கள். பிரகதாம்பாள் மட்டும்தான் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள்.

அவள் சங்கத்து மனு கல்வி அலுவலகத்துக்குப் போனதும் சிவசாமி விழித்துக்கொண்டிருக்கிறார். இனிப் பொய்க் கையெழுத்தால் அவளை விலக்கினால் அவளே வந்து மறுப்பாள். நிலத்துக்கு விலக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டதால், அவளாக விலகினால் அந்த இடத்தில் தன் மகனை உட்காரவைத்துவிடலாம்.

ஷம்சாத் பத்திரத்தை மறுபடி படித்தாள். "அப்படின்னா சார், அவர் காபி குடுத்தது அவர் வீட்டுல. மத்ததெல்லாம் டீச்சருது."

இதோடு முடியும் என்றுதான் அவள் நினைத்தாள். ஊருக்குத் திரும்பினால், நடவு முடிந்து கரையேறியவர்கள் நடுவில் எல்லையம்மாளின் புருஷன் வீரையன் காத்திருந்தான். விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் ஊர்த் தலைவன் அவன். இந்த நிலம் பினாமி என்று ஒரு வருஷமாகத் தாசில்தாருக்கு மனு மேல் மனு போடுகிறவன். பள்ளிக்கூடம் பொய் என்று நிரூபித்தால் ஆறு வேலியும் உபரி நிலமாகும், நடுகிறவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள் என்பது அவன் கணக்கு. பத்திரத்தின் கதையைக் கேட்டதும் அவன் முகம் கறுத்தது.

"பொய்யை நிஜமாக்கிட்டா எங்களுக்கு நிலம் போச்சு டீச்சர். நாங்க பட்ட அடிக்கெல்லாம் பதில் இதுதானா?"

அவன் சொன்னது உண்மை. பிரகதாம்பாள் மூன்று வருஷமாகக் கேட்ட பள்ளிக்கூடம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும் உண்மை. ரொம்ப நேரம் பேச்சு நடந்தது. உபரி என்று அறிவித்தாலும் சிவசாமி கோர்ட்டுக்குப் போவார், இன்னும் பத்து அறுப்பு அவருக்கேதான் போகும் என்றார் காயாரோகணம். டிரஸ்ட் நிலத்தை நடுகிறவர்களுக்கே குத்தகைக்கு விட்டு, தாசில்தார் ஆபீசில் அவர்கள் பெயரைக் குத்தகைதாரராகப் பதியலாம் என்றும் சொன்னார். குத்தகை நெல்லில் பள்ளிக்கூடம் நடக்கும், மானியத்துக்கு யார் காலிலும் விழவேண்டாம் என்றாள் பிரகதாம்பாள். சொந்தம் வேறு குத்தகை வேறு என்று வீரையன் பிடிவாதமாக நின்றான்.

எல்லையம்மாள் காலில் இருந்த சேற்றைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். காயாரோகணத்திடம் வந்தாள்.

"இந்தக் காகிதத்துல எம் பேரு இருக்காங்கய்யா?"

"இருக்கும்மா."

"இவரு பேரு?"

"இல்லை."

அவள் புருஷன் பக்கம் திரும்பவே இல்லை. "அப்ப எங்கிட்ட கேளுங்க. பக்கிரியண்ணங்கிட்ட கேளுங்க. எனக்குக் குத்தகை போதும். நாளைக்கே எழுதணும். பத்து வருசம் கழிச்சு வர்ற சொந்தத்தை எம் பேரன் வாங்கிக்கட்டும்."

பக்கிரி தலையை மட்டும் ஆட்டினான். வீரையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனான். ஆனால் பத்தடி போய்த் திரும்பி, நாளைக் காலையில் வருவாய் ஆய்வாளரை நேரில் கூட்டிவருவது தன் பொறுப்பு, அவர் முன்னாலேயே எழுதுங்கள் என்று மட்டும் சொன்னான். அவன் குரலில் சந்தோஷம் இல்லை.

*

தசமியன்று காலை ஒன்பது மணிக்குச் சிவசாமியின் அம்பாசிடர் களத்துக்குள் வந்து நின்றது. முன் சீட்டில் நாகநாதன், மடியில் விலகல் கடிதம். சிவசாமி விபூதி பளிச்சென்று இருக்க இறங்கினார். இறங்கிய இடத்திலேயே நின்றார்.

கிடங்கு திறந்திருந்தது. யூரியா மூட்டைகள் வெளியே தார்ப்பாயின் கீழ் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. பெயர்ப்பலகை வாசலில் முகம் காட்டித் தொங்கியது. உள்ளே முப்பத்தெட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்; அன்று யாரையும் குளிப்பாட்டி அனுப்பவில்லை. பிரகதாம்பாள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு மேஜை. அதன் பின்னால் வருவாய் ஆய்வாளர் தன் நோட்டைத் திறந்து வைத்திருந்தார். அவர் பக்கத்தில் வீரையன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

ஆய்வாளர் எழுந்து கும்பிட்டார். ஒரு புகார் வந்திருக்கிறது, சம்பிரதாயத்துக்கு ஒரு விசாரணை என்றார். பழைய வருகைப் பதிவேட்டில் இருக்கும் பிள்ளைகள் எங்கே, இவர்கள் வேறு பெயர் சொல்கிறார்களே என்று முதலில் கேட்டார்.

"அவங்கள்லாம் நல்லாப் படிச்சு வெளியே போயிட்டாங்க சார்" என்றாள் ஷம்சாத். "சிலருக்குப் பேரன் பேத்தியே ஆயிடுச்சு."

ஆய்வாளர் அவளை ஒரு தரம் பார்த்தார். அதைக் குறித்துக்கொள்ளவில்லை. சிவசாமியிடம் திரும்பினார்.

"புகார் என்னன்னா, இது பள்ளிக்கூடமே இல்லை, நிலம் உங்க அனுபவத்துலதான் இருக்குங்கறது. நிலத்தைக் கொடுத்தவர் நீங்க. இது நிஜப் பள்ளிக்கூடமா? இவங்கதான் தலைமையாசிரியையா? ரெண்டுக்கும் உங்க வாயால பதில் வேணும்."

சிவசாமியின் வாய் திறந்தது. பொய் என்றால் ஆறு வேலியும் இன்றே உபரி. நிஜம் என்றால் ஆறு வேலியும் அந்தக் கரும்பலகைக்கு முன்னால் நிற்கும் பெண்ணின் நிர்வாகம். அவர் நாகநாதனைப் பார்த்தார். நாகநாதன் தார்ப்பாயைப் பார்த்தார். களத்தில் எல்லையம்மாள், பக்கிரி, நடவை நிறுத்திவிட்டு வந்த பெண்கள், எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காயாரோகணம் மெதுவாகச் சொன்னார். "தசமிங்க. நல்ல நாள்தான்."

"பள்ளிக்கூடம்தான்" என்றார் சிவசாமி. ஆய்வாளர் இரண்டாவது கேள்வியை மறுபடி கேட்டார். "பள்ளிக்கூடம்தான். இந்த அம்மாதான் தலைமையாசிரியை."

ஆய்வாளர் வரிவரியாக எழுதி, கீழே பெருக்கல் குறி போட்டுக் காட்டினார். சிவசாமி அங்கே கையெழுத்துப் போட்டார். அதன் கீழே சாட்சியாக வீரையன் போட்டான். தன் ஒரு வருஷத்து மனுக்களைத் தானே தோற்கடிக்கும் கையெழுத்து அது. போட்டு முடித்ததும் பேனாவை மூடி ஆய்வாளரிடம் கொடுத்துவிட்டு, குத்தகைப் பதிவு மனுவைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தான்.

பிரகதாம்பாள் சாக்பீஸ் மாவு ஒட்டிய கையோடு வாசலுக்கு வந்தாள். ராத்திரி முழுக்க அவள் தூங்கவில்லை என்பது ஷம்சாத்துக்குத் தெரியும். தான் போடாத கையெழுத்துகளுக்குக் கீழே இனித் தானும் கையெழுத்துப் போடவேண்டும் என்பது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

"ஐயா, வண்டியைக் கொஞ்சம் எடுக்கச் சொல்லுங்க. பத்தரைக்குப் பிள்ளைங்களை விளையாட விடணும்."

சிவசாமி அவளைப் பார்த்தார், களத்தைப் பார்த்தார். பிறகு டிரைவரிடம் கையைக் காட்டினார். களத்தில் திருப்புவதற்கு இடம் தாராளமாகவே இருந்தது. ஆனாலும் கார் திரும்பாமல், வந்த வழியே பின்பக்கமாகவே வாய்க்கால் கரை வரைக்கும் ஊர்ந்து போனது.